கரவொலியும் சிரிப்பும்: 'இன்டிபென்டென்ஸ் டே' திரைப்படமும் பார்வையாளர் கருத்துக்களும்

திரைப்பட விமர்சனத்தில் மிகக் குறைவாக விசாரிக்கப்படும் சாட்சி பார்வையாளரே. அவர் பெயரால் வழக்காடுவோர் பலர். 'மக்கள் விரும்புவதையே கொடுக்கிறோம்' என்பர் தயாரிப்பாளர். 'மக்கள் ஏமாற்றப்படுகின்றனர்' என்பர் விமர்சகர். இவ்விரு கூற்றுக்களும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றினும், மக்களைக் கேளாமலே மக்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. 1996ஆம் ஆண்டு யூலை மாதம் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான 'இன்டிபென்டென்ஸ் டே' என்னும் திரைப்படம் இவ்வுண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்றதோர் உதாரணமாகும்.

ரோலண்ட் எமரிக் என்னும் ஜேர்மனிய இயக்குநர் டீன் டெவ்லினுடன் இணைந்து எழுதி இயக்கிய இப்படத்தின் கதை மிக எளியது. யூலை 2ஆந் திகதி வேற்றுலகத்தாரின் மாபெருங் கலங்கள் உலக நகரங்களின் மேல் வந்து நிற்கின்றன, நகரங்கள் எரிகின்றன, 3ஆந் திகதி மனிதரின் எதிர்த்தாக்குதல் தோற்கிறது, 4ஆந் திகதி, அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், மனித குலம் வெல்கிறது. கதையின் நாட்களும் படம் திரையிடப்பட்ட நாட்களும் ஒன்றாக அமையும்படி வெளியீடு திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 7 கோடியே 50 இலட்சம் டொலர் செலவில் உருவான இப்படம் உலகெங்கும் 81 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. இத்தொகையில் 30 கோடியளவே வட அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. எஞ்சிய பெரும்பகுதி பிற நாட்டுப் பார்வையாளர் கொடுத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பார்வையாளரது முதற் கருத்து சொல்லாக வெளிப்படவில்லை, கரவொலியாக வெளிப்பட்டது. 1996 ஜனவரியில் 'சுப்பர் போல்' என்னும் அமெரிக்கக் காற்பந்தாட்ட இறுதிப் போட்டியின்போது ஒளிபரப்பான விளம்பரத்திலேயே வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறும் காட்சி இடம்பெற்றுவிட்டது. ஆறு மாதங்களின் பின் அரங்குக்கு வந்தோர் அது நிகழப்போவதை அறிந்தே வந்தனர். அறிந்திருந்தும், அன்றி அறிந்திருந்தமையாலேயே, அக்காட்சி வந்தபோது அமெரிக்க அரங்குகள் பலவற்றில் ஆரவாரம் எழுந்ததை அக்காலப் பத்திரிகைகள் பதிவுசெய்தன. தம் நாட்டு ஆட்சிபீடம் தூள்தூளாவதைக் கண்டு அந்நாட்டு மக்களே கைதட்டியமைக்குப் பொருள் யாது?

இதனை அரசின் மீதான வெறுப்பாகக் கொண்டோர் உளர். 1995 ஏப்ரிலில் ஒக்லஹோமா நகரில் அரசாங்கக் கட்டடமொன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதையும், அவ்வாண்டின் இறுதியில் வரவுசெலவுத் தகராற்றால் மத்திய அரசாங்க அலுவலகங்கள் மூடப்பட்டதையும் அவர்கள் இதனோடு தொடர்புபடுத்தினர். அக்காலச் சூழலுக்கும் இப்படத்துக்கும் தொடர்பே இல்லை என்பதற்கில்லை. ஆயினும் இவ்விளக்கம் முழுமையானதன்று. வெள்ளை மாளிகைக்குக் கைதட்டிய அதே மக்களே சிறிது நேரத்தின் பின் சனாதிபதி விமானிகளின் முன்னே நின்று நிகழ்த்தும் வீரவுரைக்கும் கைதட்டினர். அரசை வெறுப்போர் அரசின் தலைவர் போர்விமானத்தில் ஏறுவதைக் கண்டு மெய்சிலிர்ப்பது எங்ஙனம்?

விடையை வேறொரு காட்சியில் தேடுதல் பொருத்தமாகும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரை விழுங்கி வரும் தீப்பிழம்பு சுரங்கப்பாதை ஒன்றினுட் பாய்கிறது. தாயும் மகனும் பக்கச் சுவரிலுள்ள சிற்றறை ஒன்றில் ஒதுங்குகின்றனர். அவர்களது நாய் கடைசிக் கணத்தில் ஒரே பாய்ச்சலில் உட்புகுந்து தப்புகிறது. சுரங்கத்தில் வாகனங்களுடன் சிக்குண்ட நூற்றுக்கணக்கானோர் அதே கணத்தில் எரிந்து போகின்றனர். அரங்கோ நாய்க்காகக் கைதட்டியது. இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் எவரும் இந்நாயை மறப்பதில்லை. சிலர் நகைத்துக்கொண்டு நினைவுகூர்வர், சிலர் நாணத்துடன் நினைவுகூர்வர். இதனைப் பார்வையாளரின் கல்நெஞ்சத்துக்குச் சான்றாகக் கொள்வது அநீதியாகும். எரிந்தோருக்குப் படம் முகம் கொடுக்கவில்லை, நாய்க்குக் கொடுத்தது. மூன்று நகரங்கள் அழியும் அந்நீண்ட காட்சித் தொடரில் சடலம் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தேடிப் பிடித்தல் அரிது. அழிவை இவ்வாறு இழப்பினின்றும் பிரித்து, வெறுங் காட்சியாக்கித் தந்தமையே அக்கரவொலிக்கு அடிப்படை. வெள்ளை மாளிகைக்கு எழுந்த ஆரவாரமும் இத்தகையதே. அதை அரசியல் எதிர்ப்பென்று கூறுவதிலும், அரசியல் ஓய்வெடுத்துக்கொண்ட ஒரு கணத்தின் களிப்பென்று கூறுதலே சாலும்.

ஆனால் அரசியல்வாதிகள் ஓய்வெடுக்கவில்லை. அது தேர்தல் ஆண்டு. சனாதிபதி கிளின்டனுக்கு இப்படம் வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டப்பட்டது. அவருக்கெதிராகப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் பொப் டோல், 1995இல் ஹொலிவூட்டின் ஒழுக்கக்கேட்டைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியவர். அவரும் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதனை மெச்சிக் குடும்பத்தோடு பார்க்கும்படி பரிந்துரைத்தார். எதிரெதிர் முகாமினர் இருவருக்கும் ஒரே படம் உவப்பாக அமைந்ததென்றால், அப்படம் எவரையும் புண்படுத்தாத பொதுமையொன்றைக் கண்டுபிடித்துவிட்டது என்பது பொருள். வேற்றுலகப் பகைவரின் பெருவசதி அதுவே. அவர்களுக்குத் தூதரகமில்லை, வாக்குமில்லை.

இவ்விடத்து ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். இப்படம் அமெரிக்க இராணுவத்தின் விளம்பரமே என்று கூறியோர் பலர். உண்மையில், படப்பிடிப்புக்கு உதவ முன்வந்த அமெரிக்க இராணுவம், 'ஏரியா 51' என்னும் இரகசியத் தளம் பற்றிய பகுதிகளை நீக்குமாறு கேட்டு, தயாரிப்பாளர் மறுத்தமையால் உதவியை விலக்கிக்கொண்டது. ஆணையின்றியே ஆற்றப்பட்ட ஊழியம் இது என்பது, அவ்விமர்சகர் கூறியதிலும் பாரதூரமானது.

இனி, சொற்களாக வெளிவந்த கருத்துக்களை நோக்குமிடத்து, அவற்றுள் பெரும்பாலானவை ஏளனமாகவே இருத்தலைக் காணலாம். வேற்றுலகத்தாரின் தாய்க்கலத்தினுள் அமெரிக்கக் கணனி விஞ்ஞானி ஒருவன் தனது மடிக்கணனியைக் கொண்டு நச்சுநிரல் ஒன்றைச் செலுத்துகிறான். பகைவரின் காப்பரண்கள் செயலிழக்கின்றன. இரு மனிதக் கணனிகளே ஒன்றோடொன்று பேச மறுத்த அக்காலத்தில் இக்காட்சி விளைத்த நகைப்பு இன்றும் ஓயவில்லை. சந்திரனின் திணிவில் நாலிலொரு பங்குடைய கலம் அண்மையில் வந்து நின்றால் கடல் பொங்காதா, நகர்களின் மேல் நிற்கும் கலங்களை வீழ்த்தினால் கீழுள்ள நகர்கள் நசியாவா என்ற வினாக்களும் எழுந்தன. விமர்சகர் ரொஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களில் இரண்டரையே வழங்கினார்.

இவ்வேளனத்தை மெய்யான விமர்சனமென மயங்குதலாகாது. நகைத்தோர் மறுமுறையும் பார்த்தனர். நண்பரையும் அழைத்துச் சென்றனர். 'அறிவுக்கொவ்வாதது, ஆயினும் நன்று' என்பதே இப்படம் பற்றி மிகப் பரவலாக வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பின் முற்பகுதி பிற்பகுதிக்கு அனுமதிச் சீட்டாக உதவுகிறது. மடிக்கணனியைப் பார்த்துச் சிரித்துவிட்டவர், தாம் ஏமாறவில்லை என்ற திருப்தியுடன், சனாதிபதியின் உரையைக் கேட்டுக் கண்கலங்கலாம். விஞ்ஞானப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கண் கருத்தியலைக் காணாமல் விடுவது இவ்வாறே. (நச்சுநிரல் எச்.ஜி. வெல்ஸுக்கு விடுக்கப்பட்ட வணக்கம் என்பதையும் சிரித்தோரிற் பலர் கவனிக்கவில்லை. 1898இல் நூலாக வந்த அவரது 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் நுண்கிருமிகளால் மடிகின்றனர்.)

எனினும், பார்வையாளரைப் பேதையராகக் காணும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1938 ஒக்டோபர் 30ஆந் திகதி ஓர்சன் வெல்ஸ் வானொலியில் அதே நாவலை நாடகமாக்கியபோது அமெரிக்கா முழுவதும் பீதியால் வீதிக்கு ஓடியது என்பது பாடநூல்களில் இடம்பெற்ற கதை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்லி கன்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வு 135 பேரிடம் பெற்ற நேர்காணல்களை முக்கிய ஆதாரமாகக் கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் அஞ்சியவர்கள் என அறியப்பட்டமையாலேயே தெரிவுசெய்யப்பட்டவர்கள். அஞ்சியோரைத் தேடிச் சென்றால் அச்சமே கிடைக்கும். வானொலியைத் தம் வருவாய்க்குப் போட்டியாகக் கருதிய செய்தித்தாள்கள் அன்றைய பீதியைப் பெரிதும் மிகைப்படுத்தின என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. 'இன்டிபென்டென்ஸ் டே'யைக் கண்டித்து எழுதியோருட் சிலரும் கன்ட்ரிலின் வழியே நடந்தனர்: ஆரவாரித்தோரை மட்டுமே அவர்கள் கேட்டனர்.

அவர்கள் கேளாதோரிற் பெருந்தொகையினர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தனர். வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து 50 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய படத்தில் வெளியுலகம் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றது? ஈராக்கியப் பாலைவனத்தில் முகாமிட்டிருக்கும் பிரித்தானிய விமானிகள், அமெரிக்கர் ஏதேனும் செய்யமாட்டாரா எனக் காத்திருக்கின்றனர். மோர்ஸ் குறியீட்டில் திட்டம் வந்ததும் மகிழ்கின்றனர். வெற்றிக்குப் பின் எகிப்தியப் பிரமிட்டுகளின் அருகிலும் சிட்னித் துறைமுகத்திலும் வீழ்ந்த கலங்கள் கணநேரம் தோன்றுகின்றன. ஆபிரிக்கர் ஈட்டிகளை உயர்த்தி ஆர்ப்பரிக்கின்றனர். அணுவாயுதமும் மடிக்கணனியும் ஒருவர்க்கு, ஈட்டி மற்றவர்க்கு. யூலை நான்கு இனி உலகம் முழுவதற்குமான சுதந்திர தினம் என்று அச்சனாதிபதி அறிவிக்கிறார். ஓகஸ்ட் 15, பெப்ரவரி 4, மார்ச் 6 என்று தத்தமக்குரிய நாட்களைப் பேரரசு ஒன்றிடமிருந்து பெற்றுக்கொண்ட மக்கள் இவ்வறிவிப்பைக் கேட்டு நெளிந்திருத்தல் இயல்பே.

வெளிநாட்டுப் பார்வையாளர் ஒரே குரலிற் பேசினர் என்றும் கொள்ளலாகாது. லெபனானில் ஹிஸ்புல்லா இயக்கம் இப்படத்தைப் பகிஷ்கரிக்கும்படி கோரியது. உலகைக் காக்கும் விஞ்ஞானி யூதனாக அமைந்தமையே அதன் சினத்துக்குக் காரணம். இவ்வெதிர்ப்பு ஏகாதிபத்தியத்தை எதிர்த்ததன்று, இனத்தை எதிர்த்தது. அதனை விமர்சனத்தின் கணக்கில் வரவு வைத்தல் தவறு. மறுபுறத்தில், நாயகருள் ஒருவனாகக் கறுப்பின நடிகர் வில் ஸ்மித்தைத் தெரிவுசெய்ய நிறுவனத்தார் தயங்கியதாகவும், வெளிநாட்டுச் சந்தையில் அவர் எடுபடார் என அவர்கள் வாதிட்டதாகவும் எமரிக் பின்னாளிற் கூறியுள்ளார். வெளிநாட்டுப் பார்வையாளர் அவ்வாதத்தைப் பொய்யாக்கினர். தயாரிப்பாளர் தம் தப்பெண்ணத்தை மக்களின் இரசனை மீது ஏற்றிச் சொல்லும் வழக்கத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

வெல்ஸின் நாவலோடு ஒப்பிடும்போதே இப்படம் செய்திருக்கும் தலைகீழ் மாற்றம் புலனாகும். தம் காலத்து ஆங்கில வாசகரை, தஸ்மேனியப் பழங்குடிகளின் இடத்தில் நின்று பார்க்கும்படி வெல்ஸ் கேட்டார். ஐரோப்பியக் குடியேறிகள் அம்மக்களுக்கு இழைத்த அழிவை நாவலின் முதல் அதிகாரத்திலேயே அவர் நினைவூட்டுகிறார். பேரரசின் குடிமகன் தன்னை வெல்லப்பட்டவனாகக் கற்பனை செய்வது அங்கே குற்றவுணர்வின் தொடக்கம். எமரிக்கின் படத்திலோ, உலகின் மிகப் பலம்வாய்ந்த அரசு தன்னை வெல்லப்பட்டதாகக் கற்பனை செய்வது குற்றவுணர்விலிருந்து விடுதலை. அடிமைப்பட்டோரின் சொற்கள் அனைத்தும் - சுதந்திரம், எதிர்ப்பு, மண் - அதன் வாய்க்கு வந்துவிடுகின்றன. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், அதற்கு முன்னர் 1953இல் வெளியிட்ட 'சைல்ட்ஹூட்ஸ் என்ட்' நாவலில் நகரங்களின் மேல் அசையாது நிற்கும் கலங்களை வருணித்திருந்தார். இப்படத்தின் தொடக்கத்தைக் கண்ட விஞ்ஞானக் கதை வாசகர் பலருக்கு அந்நாவலே நினைவில் எழுந்தது. ஆனால் கிளார்க்கின் வேற்றுலகத்தார் அழிக்க வரவில்லை, ஆள வந்தனர், போரை நிறுத்தினர். அன்பான ஆட்சியும் ஆட்சிதானா என்ற வினா அங்கே எழுகிறது. அவ்வினாவுக்குக் கரவொலி எழும்புவதில்லை.

2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்ததைத் தொலைக்காட்சியிற் கண்டோர் பலர், 'திரைப்படம் போல இருந்தது' என்றே கூறினர். அதன் பின் ஹொலிவூட் சில படங்களின் வெளியீட்டை ஒத்திவைத்தது; அவ்வாண்டு ஒக்டோபரில் வரவிருந்த 'கொலட்டரல் டமேஜ்' 2002 பெப்ரவரியிலேயே வந்தது. 'இன்டிபென்டென்ஸ் டே'யின் ஒரு சட்டகமும் மாறவில்லை. ஆனால் அதில் எரியும் நியூயோர்க் வேறொரு நகரமாயிற்று. முகமற்றிருந்தோர் முகம் பெற்றனர். 1996இல் தாம் கைதட்டியதை எண்ணிப் பின்னர் வியந்தோர் பலர். பார்வையாளரின் இரசனை மாறாப் பொருளென்று எண்ணி அதனைப் புகழ்வோரும் இகழ்வோரும் இம்மாற்றத்துக்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டவர்.

இருபது ஆண்டுகளின் பின், 2016இல், எமரிக் இதன் தொடர்ச்சியை எடுத்தார். செலவு இருமடங்குக்கு மேல். வருவாயோ முன்னையதன் அரைவாசியைத் தானும் எட்டவில்லை. வில் ஸ்மித் அதில் நடிக்கவில்லை. வேற்றுலகக் கலம் இம்முறை அத்திலாந்திக் சமுத்திரத்தை மூடுமளவு பெரிதாகியிருந்தது. அதன் பிரமாண்டமான கால் ஒன்று வாஷிங்டன் நகரின்மேல் நகர்ந்து வந்து, வெள்ளை மாளிகையின் விளிம்பில் நின்றுவிடுகிறது. கூரையிலிருந்த கொடிக்கம்பம் மட்டும் சாய்ந்து விழுகிறது.