அடுப்பு காணாத டிகாக்‌ஷன்: நம் காபி வழிகள் குறித்துச் சில சொற்கள்

நம் சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே, "வரலாறாக இருக்கட்டும், சண்டை வேண்டாம்" என்று சொல்லித்தான் கேட்டார்கள். செயலாளர் நயமான மனிதர். முன்பொரு மலரில் வந்த சிக்கரிக் கட்டுரைக்கு எத்தனை மறுப்புக் கடிதங்கள் குவிந்தன என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை. தலைவரும் மூத்த உறுப்பினர்களும் எனக்கு இந்தப் பக்கங்களை ஒதுக்கியதை, நான் தொழில் கற்ற கடைக்குச் செய்த மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பாபா புதன் கொண்டுவந்த ஏழு கொட்டைகளில் தொடங்கிச் சேர்வராயன் மலை வரை நடந்து வரும் உத்தேசம் இல்லை. இந்த மலரைப் பிரிக்கிறவர்களில் பாதிப் பேர் வறுக்கிறவர்கள், மீதிப் பேர் ஹோட்டல்காரர்கள். பிளான்டேஷன் ஏ எது, பீபெரி எது என்று உங்களுக்கு நான் சொன்னால் சிரிப்பீர்கள்.

வழிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்து வழியில் பாலுக்குத்தான் முதல் மரியாதை. லட்சுமி விலாஸ் பஞ்சாபகேச ஐயர் அப்போது கறந்த பசும்பாலைத் தவிர வேறு பாலைக் கடைக்குள் விடமாட்டார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அங்கே டிகாக்‌ஷன் பாலுக்குத் துணை. நமக்குப் பால் டிகாக்‌ஷனுக்குத் துணை. இதற்காகக் கும்பகோணத்துச் சம்பந்திகளோடு வாய்த் தகராறு வராத வீடு நம் பக்கத்தில் குறைவு. மைசூர், பெங்களூர் வழியில் டம்ளர் சின்னது, சிக்கரி பெரியது. அவர்கள் மலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை. சேலத்து வழி என்றால் நரசுஸ். 1926-லிருந்து நடக்கிற காபிப்பொடி நிறுவனம். கொட்டை வறுக்கத் தெரியாத ஊர்களுக்கும் பொடியைக் கொண்டு சேர்த்த புண்ணியம் பாக்கெட் போட்டவர்களுக்கு உண்டு. மறுக்க முடியாது.

ஹோட்டல் வழி தனி. பாய்லர் வெந்நீர், துணிப்பை, கூட்டம். உடுப்பிக்காரர்கள் சென்னையில் அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். கிருஷ்ண ராவ் 1938-ல் உட்லண்ட்ஸ் தொடங்கியபோது காபிக்கென்றே வந்தவர்கள் உண்டென்பார்கள். நம் ஊர்ப் பார்த்தசாரதி விலாஸ் 1943-லிருந்து நெய் ரோஸ்டுக்குப் பேர்போனது. ஆனாலும் ரோஸ்டை முடித்துவிட்டுக் காபி சொல்லாமல் எழுந்து போனவரை நான் அங்கே பார்த்ததில்லை. துணி வழி தாழ்ந்தது என்று எங்கள் வழிக்காரர்களில் சிலர் சொல்வார்கள். எனக்கு அது சம்மதமில்லை. துணி சுத்தமாக இருந்து, ஊற்றுகிறவருக்குக் கை நிதானமும் இருந்தால் துணியிலும் நல்ல டிகாக்‌ஷன் இறங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் குடிக்கிற கோப்பியும் துணியில் இறங்குவதுதான். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிறார்கள். அதைக் காபி என்று சொல்வதா வேண்டாமா என்பதை அவரவர் சம்பந்தி முடிவு செய்துகொள்ளட்டும்.

ஹோட்டல் வழியைச் சொல்லும்போது இன்னொன்றும் சேரும். பழைய காபி கிளப்புகளின் பலகையில், யார் உள்ளே உட்காரலாம் என்பதும் எழுதியிருந்தது. அந்தப் பலகைகள் போனதே நல்லது. 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்கிறவர்கள் எந்தக் காலத்தைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லட்டும்.

இனி எங்கள் வழி. சந்நிதி வீதிப் பக்கம் மாமா வைத்திருந்த கடையை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. இருந்த காலத்தில் கடைக்கே பலகை மாட்டாதவர். "மணம் தெருவுக்குப் போகிறது, பலகை எதுக்குடா?" என்பார். அவரிடம் நான் முதலில் கற்றது வறுப்பதை அல்ல, பொறுக்குவதை. கறுப்புக் கொட்டை, உடைசல், பூச்சி அரித்தது எல்லாவற்றையும் முறத்தில் பரப்பித் தள்ளவேண்டும். கொட்டைக்கு முன்னால் உட்கார விட்டாரே தவிர, உருளைக்குப் பக்கத்தில் நெடுநாள் விடவில்லை.

உருளை கையால் சுற்றுவது, கீழே கரி அடுப்பு. பச்சைக்கொட்டையைப் போட்டதும் முதலில் வருவது வெறும் ஆவி, வைக்கோல் வாசனை. பிறகு கொட்டை மஞ்சளாகும், பொரித்த நிலக்கடலை மாதிரி ஒரு மணம் வரும். 200 டிகிரியை ஒட்டி முதல் வெடிப்பு. உருளைக்குள் படபடவென்று கேட்கும். எங்கள் மாமாவிடம் வெப்பமானி கிடையாது. வெடிப்பு தொடங்கியதும் யாரும் பேசக் கூடாது. வாடிக்கையாளர் 'கால் கிலோ' என்று குரல் கொடுத்தாலும் பதில் வராது. வெடிப்பு அடங்கும்போது புகை வெள்ளையிலிருந்து லேசாக நீலம் பாயும். அதுதான் அவர் பார்த்த கடிகாரம். மூடியைத் திறந்து ஒரு கரண்டிக் கொட்டை எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்து நறுக்குவார். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் உருளை கவிழும். வெளியே கறுத்து உள்ளே வெளுத்திருந்தால் அந்த ஈடு கடைக்கு வராது, வீட்டு உபயோகத்துக்குப் போய்விடும். வீட்டில் மாமிக்கு அதில் வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம்தான். முறத்தில் கொட்டி விசிறியால் ஆற்றுவது எங்கள் வேலை. ஆற்றத் தாமதமானால் கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபட்டுக்கொண்டே போகும். ஒரு கிலோ பச்சைக்கொட்டை 820, 850 கிராமாக இறங்கும். அதற்குக் கீழே போனால் ஈரக் கொட்டையை வாங்கி ஏமாந்தோம், இல்லாவிட்டால் கருக்கிவிட்டோம்.

கலவை எளிது. பிளான்டேஷன் ஏ பாதிக்கு மேல், மீதி பீபெரி. உருண்டைக் கொட்டை உருளையில் சீராகப் புரண்டு சீராக வறுபடும் என்பதுதான் மாமா பீபெரிக்குக் கொடுத்த காரணம். மற்றபடி அதற்கு இருக்கும் பெயரெல்லாம் விலை ஏற்றுவதற்கு என்பார். காபி வாரியம் கொட்டையைக் கட்டுப்படுத்திய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 1942 சட்டத்துக்குப் பிறகு தோட்டக்காரர் விளைவித்ததெல்லாம் வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. 1996-ல்தான் முழுக்க அவிழ்ந்தது. அந்த ஐம்பது ஆண்டும் நல்ல கொட்டை பெரும்பாலும் கப்பலேறியது, நமக்கு வந்தது மிச்சம். மிச்சத்திலிருந்து மாமா எப்படி அந்தக் காபியை எடுத்தார் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, பொறுக்கல்.

சிக்கரியைப் பற்றிச் செயலாளருக்குக் கொடுத்த வாக்குப்படி சுருக்கமாகவே சொல்கிறேன். நெப்போலியன் காலத்துக் கப்பல் முற்றுகையில் காபி கிடைக்காத பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட வேர் அது. நமக்கு ஜாம்நகரிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வருகிறது. காபியில் கரையக்கூடியது கால் பங்கும் கொஞ்சமும்தான். சிக்கரியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கரையும். அதனால் நிறமும் கொழகொழப்பும் மலிவாகக் கிடைக்கும். சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அளவைப் பாக்கெட்டில் போடச் சொல்கிறது. 80க்கு 20 போடும் நண்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், மதிப்புக்குரியவர்கள், மலரின் பின்னட்டையையும் கொடுத்தவர்கள். எங்கள் வழியில் மட்டும் அது கிடையாது. சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பொடியைக் கிள்ளி மேலே தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி நிறத்தைக் கோடாக இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். ஒளியைப் பார்த்தே நோபல் வாங்கிய சர் சி.வி. ராமன் பிறந்த ஊர் இது. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் நம்முடையது. உப்புத் தண்ணீரில் காபியின் புளிப்பும் மணமும் மழுங்கிவிடும், ஆற்று மணலில் ஊறிய தண்ணீரில் அவை எழுந்து நிற்கும். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதே பெருமையைத் தங்களுக்கென்று பேசுவார்கள். தீவு ஒன்றுதான். பேசிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வழியின் உயிர் டிகாக்‌ஷனில் இருக்கிறது. அன்று அரைத்த பொடி 50 கிராம், கொதி வந்து அடங்கிய தண்ணீர் 200 மில்லி. பொடியை அழுத்தக் கூடாது, பில்டர் குடையை லேசாக வைத்தால் போதும். முதலில் ஒரு கை தண்ணீர் விட்டுப் பொடியை நனைத்துவிட்டு, பிறகு மீதி. அவசரப்பட்டு பில்டரைத் தட்டக் கூடாது. கால் மணி, இருபது நிமிஷத்தில் கீழ்ப் பாத்திரத்தில் பாதி இறங்கியிருக்கும், கள்ளிச்சொட்டாக. மீதித் தண்ணீரைப் பொடியே குடித்துவிடும். இறங்கிய டிகாக்‌ஷன் அடுப்பைப் பார்க்கக் கூடாது. சூடு பாலில் இருந்தால் போதும். ஆறிய டிகாக்‌ஷனைச் சுட வைத்தால் மணம் கூரைக்குப் போகும், கசப்பு டம்ளருக்கு வரும். மாமா இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. ஒருமுறை கடைக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், "ஓய், அந்த டிகாக்‌ஷனைக் கொஞ்சம் சுட வையுமேன்" என்றார். மாமா அவருக்கு வெந்நீர் கொடுத்தார்.

இப்போது நடப்பதைச் சொல்ல வேண்டும். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, இந்த மலருக்கு விளம்பரம் கொடுத்தவர்களை நிச்சயமாக இல்லை. அண்மையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், ஊர் பெயர் வேண்டாம். விடியற்காலை நாலரைக்கே டிகாக்‌ஷனை ஒரு பெரிய அண்டாவில் இறக்கி, அடுப்பிலேயே குடிவைத்திருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதுக்கு. ஒன்பது வரை அது அடுப்பில். வற்ற வற்ற இரண்டாம் டிகாக்‌ஷன், மூன்றாம் டிகாக்‌ஷன் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை முதலிலேயே கலந்தாயிற்று, வேண்டாதவர்களுக்கு வழியில்லை. காகிதக் கோப்பை, அதுவும் உதட்டில் வைத்தால் மடங்குகிற ரகம். கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் குடிக்கறா மாமா, யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் பொறுப்பாளர். அதுதானே சங்கடம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை! ஒரு காலத்தில் காபி சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றால் கல்யாணமே நின்றுவிடுமோ என்று பெண் வீட்டார் கைகட்டி நின்றார்கள். அது நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் காபிக்கென்று தனி ஆள் இருந்தார். பந்திக்குச் சமையல்காரர், காபிக்குக் காபிக்காரர். அவர் ஓயாமல் புதிதாக இறக்கிக்கொண்டே இருப்பார். இன்று அந்த ஆள் எங்கே? பொத்தானை அழுத்தினால் பீய்ச்சுகிற இயந்திரம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நெடுஞ்சாலையில் சென்னை போகிறவர்களுக்குத் தெரியும், பத்து மைலுக்கு ஒரு கும்பகோணம் டிகிரி காபி. கும்பகோணத்தில்கூட அத்தனை கடை இருக்காது. பித்தளை டவரா பளபளக்கிறது, உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நுரை மட்டும் விரற்கடை உயரம். ஆற்றுவது எதற்கு? சர்க்கரை கரையவும் குடிக்கிற பதத்துக்குச் சூடு இறங்கவும். இன்றைக்கு அது வேடிக்கை காட்டுவதற்கு. டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள், குடிக்கிறவர் படம் பிடிக்கிறார். காபி அதற்குள் ஆறிப்போய்விடுகிறது. பிறகு இன்னொரு முறை சுட வைத்துத் தா என்கிறார். சுடவும் வைக்கிறார்கள்! பசும்பால் போனது, பித்தளை பில்டர் போனது, கையால் அரைக்கிற மெஷினை மேசை விளிம்பில் பூட்டுகிற வீடு போனது, விருந்தாளி வந்தால் முதலில் அடுப்பைப் பார்த்து ஓடுகிற வழக்கம் போனது. இப்போது பிள்ளைகள் தண்ணீரில் கரைத்த பொடியை நின்றுகொண்டே குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். நிலைமை இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்கு முதல் டிகாக்‌ஷனும் இரண்டாம் டிகாக்‌ஷனும் ஒன்றாகிவிடும், மலரில் படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

செயலாளர் இந்தப் பத்தியைக் குறைக்கச் சொல்வார். குறைக்கட்டும்.

ஆனால் ஒன்றை விட முடியாது. நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலேயே சென்ற முறை காபியைக் கான்டிராக்டுக்கு விட்டிருந்தார்கள். வறுக்கிறவர்களும் ஹோட்டல்காரர்களும் கூடுகிற மண்டபத்தில், யாரோ ஊற்றிய காபி. தலைவர் அவர்கள் அதைப் பருகிப் புன்னகைத்ததை நான் பார்த்தேன். பெருந்தன்மை. வரும் பொதுக்குழுவில் இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன்: விழா நாள் காபியை உறுப்பினர்களே போட வேண்டும், கடைக்கு ஒரு பெரிய பில்டராவது கொண்டுவர வேண்டும், டிகாக்‌ஷன் அடுப்பில் ஏறக் கூடாது. சிக்கரி பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, வழிமொழிய யாரும் தயங்க வேண்டாம். பால் பொறுப்பைக் கும்பகோணத்துச் சம்பந்தியிடமே விட்டுவிடலாம் என்பதும் அதில் அடக்கம்.