இடது மூலையில் இருந்த பொத்தான்

‘புதுசுன்னா மக்களுக்குப் பயம்’ என்பது மென்பொருள் துறையில் எங்களுக்குக் கைவந்த சமாதானம். பயனர் முணுமுணுத்தால் உடனே இதை எடுத்து நீட்டிவிடுவோம். விண்டோஸ் 8 கதையை நிதானமாகப் பார்த்தால் இந்தச் சமாதானம் நிற்காது.

விண்டோஸ் 95 காலத்திலிருந்து திரையின் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பதிலுக்கு வண்ணக் கட்டங்கள் நிரம்பிய முழுத்திரை. டேப்லெட்டுகள் பெருகிய நேரத்தில் தொடுதிரைக்கு ஏற்ற முகம் வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் மௌஸும் கீபோர்டும் மட்டுமே உள்ள கணினிக்கும் அதே முகத்தை மாட்டிவிட்டார்கள். விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவிட்டது என்று தரவும் காட்டினார்கள். வாசல்படியில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. அதற்காகப் படியை இடிப்பார்களா?

இதில் இழப்பு யாருக்கு? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி ஆய்வேடு அடித்துத் தரும் டிடிபி கடைகளையும், கடலூரில் மனு அடித்துத் தரும் ஜாப் டைப்பிங் கடைகளையும் நினைத்துப் பாருங்கள். அங்கே வருமானம் பக்கக் கணக்கு. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகப் போகும். அந்தக் கைப்பழக்கம்தான் முதல். பொத்தானை நகர்த்துகிறவர், கேட்காமலே அந்த முதலில் கைவைக்கிறார். புதுசா பழகுற நாளுக்குக் கூலி யார் கொடுப்பா?

இவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லவும் முடியாது. தட்டச்சுப் பொறியை விட்டுக் கணினிக்கு வந்தவர்கள் இவர்கள். ஒரு பிழைக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கும் தொல்லை ஒழிந்தது, வந்தார்கள். தமிழ்99 வந்த பிறகும் என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் பழைய தட்டச்சு விசைப்பலகையையும் விட்டுவைத்தன. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

தமிழ் எழுத்துக்கே இப்படியொரு மாற்றம் ஆணையாக வந்ததுண்டு. 1978-இல் தமிழக அரசு ணை, லை, ளை, னை முதலான எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பாடப்புத்தகங்கள் மாறின. தாத்தாக்கள் மட்டும் கடிதத்தில் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யையே எழுதிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதையும் படித்தார்கள். பேனா யாரையும் தடுக்கவில்லை. மென்பொருள் தடுக்கும், புதிய பதிப்பில் பழைய வழியே இருக்காது.

எதிர்ப்பு வீண்போகவில்லை. 2013-இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, அழுத்தினால் அதே கட்டங்கள்தான். உண்மையான மெனு வர 2015-இல் விண்டோஸ் 10 வரை ஆனது. 2021-இல் விண்டோஸ் 11 பொத்தானை நடுவுக்குக் கொண்டுபோனது. ஆனால் இடப்பக்கம் திருப்பிக்கொள்ள ஒரு செட்டிங் இருந்தது. டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கும் வசதியை அதே பதிப்பு எடுத்துவிட்டது. பாதிப் பாடம்தான் ஏறியிருக்கிறது.

பழைய வழியை விட்டுவைப்பது சும்மா வராது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வழி என்றால் டெஸ்டிங்கும் இரட்டிப்பு. ஆனால் எடுத்துவிட்டால் அந்த வேலை ஒழிந்துபோவதில்லை. எங்கள் அலுவலகக் கணக்கிலிருந்து டைப்பிங் கடைக்காரர் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அவருக்கு மட்டும் அதற்குச் சம்பளம் கிடையாது.