கேம்பும் முகாமும்

நம் சிறுகதைகளில் பாத்திரங்கள் ‘கேம்ப்’ என்று பேசுமிடமெல்லாம் ‘முகாம்’ எனத் திருத்தி அச்சிடுவதை நான் ஏற்பதில்லை. திருகோணமலை அன்புவழிபுரத்துப் பேச்சில் இந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தருவது கூடவரும் வினைதான். “கேம்புக்குக் கொண்டு போயிட்டாங்க” என்றால் படையினரின் இடம்; சொல்பவரின் குரல் தாழும். “கேம்புல இருந்தம்” என்றால் அகதி வாழ்க்கை. “கேம்ப் வைக்கிறாங்க” என்றால் இலவசக் கண் பரிசோதனை.

திருத்துவோர் வினையையும் சேர்த்து மாற்றுகிறார்கள். ‘முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்’ என்றதும் கொண்டுபோனவர் மறைகிறார்; பயமும் போய்விடுகிறது.

தமிழ்ச்சொல் வேண்டும் என்ற நியாயமும் இங்கே நிற்காது. முகாம் அறபிலிருந்து வந்தது. தொழுகையில் நிற்கும் ‘கியாம்’ பிறந்த அதே வேர். தங்குமிடம் என்பது அதன் பொருள். கேம்ப், திறந்தவெளியைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்து கேம்புகளிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். அவர்களுக்கு அது முகவரியாகவே ஆகிப்போனது.

ஆய்வுக் கட்டுரையில் முகாம் இருக்கட்டும். கதையில் அனுபவித்தவர் பேசும்போது, அவர் சொன்ன சொல்லும் வினையும் அப்படியே அச்சேற வேண்டும்.