குரலும் ஓர் உரையே

ஏட்டில் உறங்கும் சொல்லைத் தட்டி எழுப்பிப் பொருள் விளங்க வைப்பவரை உரையாசிரியர் எனப் போற்றுவது தமிழ் மரபு. பரிமேலழகர் குறளுக்கும் அடியார்க்கு நல்லார் சிலம்புக்கும் இப்பணியைச் செய்தனர். இதே பணியை எழுதுகோலின்றி நாவினால் செய்பவர் ஒருவர் உண்டு. பிறர் எழுதிய பனுவலை ஒலிவாங்கியின் முன் தம் குரலால் உயிர்ப்பிக்கும் குரல் கலைஞரே அவர். வானொலி நாடகம், விளம்பரம், செய்திப்படம், மொழிமாற்றுப் படம், ஒலிநூல் ஆகியவை எல்லாம் அவர் உழைப்பைச் சார்ந்தவை. ஆயினும் எழுத்தைத் திறனாய்வோர் பலர். அதைச் சொல்லும் குரலைத் திறனாய்வோர் மிகச் சிலர். ‘நல்ல குரல்’ என்ற இரண்டு சொற்களோடு பாராட்டு முடிந்துவிடுகிறது. குரலின் இனிமை வேறு. குரற்பணியின் தகுதி வேறு. இவ்வேறுபாட்டை உணராதவரை இக்கலை தமிழில் வளர இடமில்லை.

எளிய சான்று ஒன்று காண்போம். ‘துரை நாளை வரச் சொல்லவில்லை’ என்பது தோட்டத்து வழக்கில் இயல்பாக அமையும் ஒரு தொடர். ‘துரை’ என்னும் சொல்லை அழுத்திச் சொன்னால், வரச் சொன்னவர் கிராணியாக இருக்கலாம் என்பது குறிப்பு. ‘நாளை’ என்பதை அழுத்தினால், வரச் சொன்ன நாள் வேறு. ‘வர’ என்பதை அழுத்தினால், சொன்ன செயல் வேறு. ‘சொல்லவில்லை’ என்பதை அழுத்தினால், வாய் திறந்து சொல்லாவிடினும் குறிப்பால் உணர்த்தினார் என்று பொருள்படும். அச்சிட்ட தாளில் நான்கிற்கும் வடிவம் ஒன்றே. நான்கில் ஒன்றைத் தேர்ந்து மூன்றை விலக்குவது குரல். அத்தேர்வு பனுவலின் முன்பின் அறிந்து செய்யப்படும்போது குரல் உரையாகிறது. அறியாமல் செய்யப்படும்போது வெற்றொலியாகிறது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயல் வகுத்தார். உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகும் முறையை அங்கு விளக்குகிறார். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலை அமைத்து, உள்ளத்து உணர்ச்சி உடலின்வழி வெளிப்படும் எண்வகையைக் கூறுகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் இவ்விரண்டு இயல்களும் ஒன்றாகின்றன. கேட்போர் கண்ணுக்கு அங்கு மெய் தோன்றுவதில்லை. மெய்ப்பாடு முழுவதும் குரலிலேயே தோன்றியாக வேண்டும். ரப்பர் நிரையின் மறுகோடியில் நிற்பவரைக் கூவி அழைப்பதற்கும், லயத்து அறையில் உறங்கும் குழந்தையின் அருகே பேசுவதற்கும் உள்ள வேறுபாடு ஓசையின் அளவில் மட்டும் இல்லை. மூச்சின் அமைப்பிலும் உள்ளது. ஒலிவாங்கி இதனை நன்கறியும். பகரம் வெடித்து எழும் காற்றையும், சகரத்தின் சீறலையும், தாள் புரளும் ஓசையையும் அது மறைப்பதில்லை. பொய்யான அழுகையையும் அவ்வாறே காட்டிக்கொடுத்துவிடும்.

மலேசியத் தமிழருக்கு இக்கலையின் தாய்வீடு வானொலி. 1946 ஏப்ரல் திங்களில் மலாயா வானொலி தோன்றியது. அவசர காலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், பலர் கூடிக் கேட்கும் வானொலிப் பெட்டிகள் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் வைக்கப்பட்டன. நாளிதழ் படிக்க இயலாத பால்மரத் தொழிலாளிக்குச் செய்தியும் நாடகமும் பாடலும் செவிவழி வந்தன. மலாக்கா மாநிலத்தின் ஆசகான், ஜாசின், மெர்லிமாவ், தெபோங் வட்டாரத் தோட்டங்களுக்கும் அக்குரல்கள் எட்டின. ஆறாம் அலைவரிசை என்று பின்னாளில் வழங்கி, 2005ஆம் ஆண்டு முதல் மின்னல் எனப் பெயர் பெற்ற வானொலி அம்மரபின் தொடர்ச்சியே. வானொலியில் பணியாற்றிப் பின்னர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய ரெ. கார்த்திகேசுவின் வாழ்வு, குரற்பணியும் எழுத்துப்பணியும் அண்டை வீடுகள் என்பதற்குச் சான்று.

அவ்வாறு வளர்ந்த கலையில் இன்று காணப்படும் முதற்குறை, குரல் மண்ணை மறப்பது. தோட்டத்து மாந்தர் தோன்றும் நாடகங்கள் பலவற்றில், அவர்கள் சென்னைத் தெருப்பேச்சைப் பேசுகின்றனர். அல்லது நகைப்புக்குரியவராக இழுத்து இழுத்துப் பேசுகின்றனர். பெரட்டு, கங்காணி, கித்தா, நிரை என்னும் சொற்கள் வரும் இடத்தில், அவற்றை நாள்தோறும் புழங்கிய வாயின் தாளம் இல்லை. வேடிக்கைப் பொருளை எடுத்துக்காட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கிறது. விடியற்காலைப் பெரட்டுக்கு விரைந்தவர் அச்சொல்லை நகைச்சுவையாக ஒலித்திருக்க முடியாது. ஒலிக்கும் முறையிலேயே ஒரு மக்களின் வாழ்வு இழிவுபட நேரும் என்பதைக் குரல் கலைஞர் மறத்தலாகாது.

ஊர்ப்பெயர்களின் நிலையும் இதுவே. தமிழ் வல்லெழுத்து ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்கும். ‘துரியான் துங்கல்’ என எழுதுகையில் இரண்டு சொற்களும் ‘து’ என்றே தொடங்குகின்றன. மலாய் ஒலிப்பிலோ முதலாவது ‘துரை’யின் துகரம்போல் மென்மையாகவும், இரண்டாவது ‘துணி’யின் துகரம்போல் வன்மையாகவும் ஒலிக்கும். ‘பத்தாங் மலாக்கா’ என்பதன் பகரம் ‘பயம்’ எனும்போது எழும் பகரமே அன்றி, ‘படம்’ எனும்போது எழும் பகரம் அன்று. எழுத்து உணர்த்தாத இவ்வேறுபாட்டை ஊரறிந்த செவியே உணர்த்தும். ஊர்ப்பெயரைப் பிழைபட ஒலிக்கும் அறிவிப்பைக் கேட்ட அவ்வூரார், அறிவிப்பின் எஞ்சிய பகுதியையும் ஐயத்தோடுதான் கேட்பர்.

இரண்டாம் குறை பனுவலிலிருந்து பிறப்பது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட 30 விநாடி விளம்பரம், அதே 30 விநாடிக்குள் தமிழில் அடங்க வேண்டும் என்பது வணிகத்தின் கட்டளை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்பது. படத்தில் கை நீண்டு பொருளைக் காட்டும் நேரத்தில், தமிழ்த் தொடர் இன்னும் எச்சத்திலேயே நிற்கும். சொற்களைக் குறைக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் குறைக்காதபோது, கலைஞர் மூச்சு விடாமல் ஓடுகிறார். ஓட்டத்தில் முதலில் பலியாவது ழகரம், அடுத்து ணகர னகர வேறுபாடு, இறுதியில் பொருள். இப்பழி குரலை மட்டும் சாராது. பனுவல் எழுதியவரையும் சாரும். வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதப்படாத பனுவல், வாய்க்காக எழுதப்பட்ட பனுவல் ஆகாது.

மொழிமாற்றுப் படத்தில் இத்தடை இன்னும் கடிது. பகரமும் மகரமும் இதழ் இணைந்தால் அன்றிப் பிறவா. திரையில் இதழ்கள் மூடும் கணத்தில் அவ்வெழுத்துகளுள் ஒன்று வாய்க்குமாறு சொல் தேட வேண்டும். 1944இல் கன்னட ‘அரிச்சந்திரா’ தமிழ்க்குரல் பெற்று வெளிவந்த நாள்முதல் தமிழ்த்திரை இக்கலையைப் பயின்று வருகிறது. 1995இல் வெளிவந்த ‘பம்பாய்’ படத்தில் நேபாளத்தைச் சேர்ந்த மனிஷா கொய்ராலாவுக்குக் குரல் தந்தவர் நடிகை ரோகிணி. தமிழகக் கடற்கரைச் சிற்றூர்ப் பெண்ணாக அப்பாத்திரத்தை மக்கள் ஏற்றுக்கொண்டதில் முகத்துக்குப் பாதி, குரலுக்குப் பாதி உரிமை உண்டு. எண்பதுகளில் நடிகர் மோகனின் குரலாகப் பலரும் நெஞ்சில் பதித்துக்கொண்டது எஸ். என். சுரேந்தரின் குரலை. முகம் புகழ்பெறக் குரல் பெயரற்றுப் போவது இத்தொழிலின் பழைய வழக்கு.

பெயரோடு பிழைப்பும் இன்று ஐயத்துக்கு உள்ளாகியுள்ளது. பதிவு தோறும் கூலி பெறும் பகுதிநேரப் பணியாகவே பலர் இதனைச் செய்கின்றனர். கணினி உருவாக்கும் செயற்கைக் குரலும் போட்டிக்கு வந்துவிட்டது. அதற்கு இனிமை உண்டு, களைப்பு இல்லை. எனவே இனிமையை மட்டுமே முதலாகக் கொண்ட குரலுக்கு இனி வேலை குறையும். ‘துரை நாளை வரச் சொல்லவில்லை’ என்னும் தொடரில் எச்சொல்லை அழுத்த வேண்டும் என்று கேட்டு, அதற்குக் காரணமும் சொல்ல வல்ல குரலுக்கே மதிப்பு நிலைக்கும். துங்கல் எது, துரியான் எது என்று செவியால் அறிந்த குரலுக்கே மலாக்காவில் வேலை இருக்கும்.

இங்குத்தான் தமிழ்ப்பள்ளியின் பொறுப்பு தொடங்குகிறது. பேச்சுப்போட்டியிலும் கவிதை ஒப்புவித்தலிலும் உரத்த குரலுக்கும் கையசைவுக்கும் மதிப்பெண் வழங்கும் வழக்கம் உண்டு. மாணவர் ஒவ்வோர் அடியின் இறுதியையும் ஒரே ஏற்றத்தில் முழங்கி நிறுத்துகின்றனர். பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்துவதில்லை. ஒரே பத்தியை மூவர் படிக்கக் கேட்டு, எவர் படித்தது பொருளோடு பொருந்தியது, ஏன் பொருந்தியது என்று வகுப்பில் ஆராயலாம். அது குரற்பயிற்சி மட்டும் அன்று. இலக்கணப் பயிற்சியும் இலக்கியத் திறனாய்வும் ஆகும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கைப்பேசி ஒன்று போதும்.

மலாக்கா நகரில் மலாக்கா செட்டிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும் சடங்குகளையும் அவர்கள் இன்றளவும் போற்றிக் காத்து வருகின்றனர். வீட்டில் பேசும் மொழியோ நெடுங்காலத்துக்கு முன்பே மலாயாகிவிட்டது. கோயில் கல்லால் நிற்கும். மொழி நாவினால்தான் நிற்கும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறி, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், தோட்டத் தமிழின் தாளத்தை அறிந்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்தம் குரலைப் பதிவு செய்வதும், அதைக் கேட்டுப் பயின்ற இளைஞரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்புவதும் இத்தலைமுறையின் கடமை. உரையாசிரியர் இல்லாத நூல் காலப்போக்கில் பொருள் இழக்கும். உரிய குரல் இல்லாத மொழிக்கும் அந்நிலையே நேரும்.