மூளை அடங்கியது, சரி; நோயாளி எப்படி எழுந்தார்?

மண்டையோட்டைத் திறந்ததும் மூளை பிதுங்கிக்கொண்டு நின்றால், அறுவை மருத்துவர் முதலில் மயக்க மருத்துவரைத்தான் கேட்பார். வென்டிலேட்டரில் மூச்சைக் கொஞ்சம் கூட்டினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மூளை அடங்கும். ரொம்ப காலமாக இருக்கும் வழக்கம் இது. இது நிஜமாவே உதவுதா என்று சோதித்துப் பார்த்தது ஏட்ரியன் கெல்ப் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. இன்றும் இந்த வழக்கத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுவதால், அதை நிதானமாகப் படிக்கணும்.

முதலில் பாராட்ட வேண்டியது. மூளைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட 275 பேர். ஒரு கட்டத்தில் தமனி ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம், இன்னொரு கட்டத்தில் சுமார் 37. எது ஓடுகிறது என்று அறுவை மருத்துவருக்குத் தெரியாது. மூளை எப்படி இருக்கிறது என்று நான்கு படி அளவுகோலில் அவர் சொல்லணும். மூச்சைக் கூட்டியபோது மூளை பிதுங்கும் அபாயம் சுமார் 45 சதவீதம் குறைந்தது. மண்டைக்குள் அழுத்தமும் சராசரியாக 16-லிருந்து 12 ஆனது.

சிக்கல் எங்கே என்றால், கேட்கப்பட்ட கேள்வி அறுவை மருத்துவருடையது. நோயாளியின் கேள்வி வேறு: நான் கை கால் அசைத்து, பேசி, பழையபடி எழுந்தேனா? ஒரே ஆளிடம் இரண்டு முறையையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆய்வால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. பின்னாடி ஏதாவது கெட்டால் எந்த முறையைக் குற்றம் சொல்வது?

விலையையும் கணக்குப் போடுங்க. கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 1 மி.மீ. குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 12 மி.மீ. குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போச்சு. பதிலுக்குக் கிடைக்கும் இடம்? பெரியவர் மூளையில் சுமார் 8 மில்லி, அவ்வளவுதான். அதுவும் நிரந்தரம் இல்லை. சில மணி நேரத்தில் மூளைத் தண்டுவட நீரின் அமிலத்தன்மை சரிக்கட்டிக்கொள்ள, குழாய்கள் மறுபடி விரியும்.

1991-இல் முய்சலார் குழுவினர் தலைக்காயம் பட்ட 113 பேரிடம் செய்த ஆய்வு நினைவுக்கு வருது. தொடர்ந்து மூச்சைக் கூட்டி வைத்தவர்களில், காயம் அவ்வளவு மோசமாக இல்லாத பிரிவினர் 3, 6 மாதங்களில் பின்தங்கினார்கள். தலைக்காயமும் கட்டியும் ஒன்றில்லை, அங்கே நாள்கணக்கு, இங்கே நிமிடக்கணக்கு. ஆனால் அவர்கள் நோயாளியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அது பெரிய வித்தியாசம்.

ஆகவே இந்த ஆய்வு நிரூபிப்பது ஒன்றைத்தான்: மூளை பிதுங்கும்போது, கொஞ்ச நேரத்துக்கு இது கைகொடுக்கும். எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்தே மூச்சைக் கூட்டி வைக்க இது அனுமதிச் சீட்டு இல்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மலிவானவை: கழுத்து அதிகமாகத் திரும்பி சிரை வழி ரத்தம் தேங்குதா, மூச்சுக்குழாயில் போட்ட டியூப் மடங்கியிருக்கா, நோயாளி இருமி முக்குகிறாரா, தலைப்பக்கம் உயர்த்தியாச்சா. இதையெல்லாம் பார்க்காமல் வென்டிலேட்டர் குமிழைத் திருப்பினால், டியூப் மடங்கியது மடங்கியபடியே இருக்க, மூளைக்குப் போகும் ரத்தம் மட்டும் குறையும்.