பெயர் தெரியாத பிள்ளைக்கும் ஒரு புத்தகம்

பிரான்சின் தெற்கே உசெஸ் என்ற ஊரில், துவோதா என்ற பிரபுகுலத்துப் பெண் 841 நவம்பர் 30 அன்று தொடங்கி 843 பிப்ரவரி 2-ல் முடித்த லத்தீன் நூல் 'லிபேர் மனுவாலிஸ்'. கையேடுன்னு அர்த்தம். சார்லமேனின் பேரன்கள் ராஜ்யத்துக்காக அடித்துக்கொண்ட காலம். மூத்த மகன் வில்லியம், அப்பா பெர்னார்டின் விசுவாசத்துக்கு ஈடாக சார்லஸ் மன்னரிடம் அனுப்பப்பட்டான். கைக்குழந்தையையும் ஞானஸ்நானத்துக்கு முன்பே கணவர் வரவழைத்துக்கொண்டார். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றே அம்மாவுக்குத் தெரியாது.

இதைப் புத்திமதி நூலாகத்தான் பொதுவாக வாசிக்கிறார்கள். பாதி சரி. கடவுளுக்குப் பயப்படு, அப்பாவை மதி என்று பக்கம் பக்கமாக வரும், கொஞ்சம் அலுக்கும். பிள்ளைகளைப் பிரித்த கணவர் மேல் வெளிப்படையாக ஒரு குறைகூட இல்லை என்பதும் உறுத்துகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேற இடம். தம்பி பேசவும் படிக்கவும் பழகியதும் இந்த நூலை அவனுக்கும் காட்டு என்கிறார். கணவரின் தேவைகளுக்காகக் கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் வாங்கிய கடனில், தன் காலத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பதை அடைக்கச் சொல்கிறார். இறந்துபோன உறவினர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்கச் சொல்கிறார். தன் கல்லறை வாசகத்தையும் தானே எழுதி வைக்கிறார்.

தமிழ் பைபிளில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. துவோதாவிடம் இருப்பது இரண்டாவது. அது 'எல்லாம் சரியாயிடும்' என்ற நம்பிக்கை இல்லீங்க. அப்படி இருந்திருந்தால் தோற்றிருக்கும்: 844-ல் பெர்னார்டுக்கும் 850-ல் வில்லியமுக்கும் மரண தண்டனை. தான் பார்க்கப்போகாத நாளிலும் கடனை யாராவது அடைப்பார்கள், யாராவது ஜெபிப்பார்கள் என்று வேலையை ஒப்படைக்கிற நம்பிக்கை அது.

ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. கடைசிப் பகுதிகளில் இருந்து தொடங்கிப் பாருங்க.