ரெஃப்ரி திரும்பி நிற்கும் நேரம்

டிவி ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவான சங்கதி. அது தெரிந்த அப்பாவும், தெரியாத பிள்ளையும், தெரிந்துகொள்ள அக்கறையே இல்லாத பாட்டியும் ஒரே இடத்தில்தான் கத்துகிறார்கள். பெரும்பாலும் ரெஃப்ரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது.

நல்லவன் ஜெயிக்கப் போகிறான். கெட்டவனின் கூட்டாளி ரிங் ஓரத்தில் ஏறி ரெஃப்ரியை வம்புக்கு இழுக்கிறான். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் நாற்காலி முதுகில் இறங்குகிறது. வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிகிறது, பார்க்க வேண்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. "யோவ், பின்னாடி பாருய்யா!" என்று அலற ஆங்கில வர்ணனை புரிய வேண்டியதில்லை. அநியாயம் நடந்தது, அதற்கு நாமே சாட்சி என்பது ஐந்து வயதுக்கும் எட்டும், எழுபதுக்கும் எட்டும்.

உண்மையில் ரிங்கில் அதிக வேலை பார்ப்பவர் அந்த ரெஃப்ரிதான். காதில் மாட்டிய கருவியில் மேடைக்குப் பின்னாலிருந்து உத்தரவு வரும். இன்னும் எத்தனை நிமிடம் என்பதை வீரர்கள் காதில் போடுவார். அடிபட்டுக் கிடப்பவரை விசாரிப்பதுபோல் குனிந்து, நிஜமாகவே அடிபட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வார். இத்தனைக்கும் நடுவே ஏமாளியாகவும் நடிக்க வேண்டும்.

ரெஃப்ரியை வைத்து அநியாயம் செய்யும் இந்த உத்தியின் உச்சம் 1988 பிப்ரவரி 5. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்ட்டும் மோதினார்கள். பார்த்தவர்கள் சுமார் 3.3 கோடி. ஹோகனின் தோள் தரையை விட்டு எழும்பிய பிறகும் ரெஃப்ரி மூன்று வரை எண்ணி ஆந்த்ரேவை ஜெயிக்க வைத்துவிட்டார். கூட்டம் கொதிக்கும்போது அச்சு அசலாக அதே முகத்தோடு இன்னொரு ரெஃப்ரி ரிங்குக்குள் வந்தார். கோடீஸ்வர வில்லன் டெட் டிபியாசி காசு கொடுத்து ஒருவருக்கு முகத்தையே மாற்றிவிட்டார் என்பது கதை. நிஜத்தில் அவர்கள் டேவ் ஹெப்னர், எர்ல் ஹெப்னர் என்ற இரட்டையர். எர்ல் அதுவரை வேறொரு போட்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால் ரசிகர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இரட்டை வேடப் படங்களில் ஊறிய நம்மூர்க்காரர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்!

மறு ஆண்டே நியூஜெர்சி மாநிலத்தில், இது போட்டி அல்ல, கேளிக்கைதான் என்று ஹோகன்-ஆந்த்ரே மோதலை நடத்திய நிறுவனமே (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்பிக்கத்தான். கூட்டம் குறைந்ததா என்றால், இல்லை.

பின்னாளில் எடி குரேரோ என்ற வீரர் ரெஃப்ரி திரும்பி நிற்கும் உத்தியைத் தலைகீழாக்கினார். ரெஃப்ரி பார்க்காத நேரத்தில் நாற்காலியை எதிராளி கையில் திணித்துவிட்டு, தானே பொத்தென்று விழுந்து துடிப்பார். திரும்பிப் பார்க்கும் ரெஃப்ரிக்குக் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியிருப்பான். தப்பு செய்பவர் எடிதான். ஆனாலும் குழந்தைகள் அவர் பக்கம். திட்டத்தை முதலிலிருந்தே பார்த்தவர்கள் ஆயிற்றே, கூட்டாளிகள் மாதிரி.

2008-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ரத்தத்தையும் ஆபாசத்தையும் குறைத்து நிகழ்ச்சியைக் குடும்பத்துக்கு ஏற்றதாக மாற்றியது. 2010-இல் தலையில் நாற்காலியால் அடிப்பதற்கும் தடை வந்தது. ஜான் சீனாவின் தொப்பியும் டி-ஷர்ட்டும் வைத்து வியாபாரக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. நம்மூரில் ரெஸ்லிங்கைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்க்கும் வேலையை டென் ஸ்போர்ட்ஸ் சேனலும் வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டும் அதற்கு முன்பே பாதி முடித்திருந்தன. அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்த பையன்கள் எத்தனை பேர்!

டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 2024-இல், கோடி ரோட்ஸும் ரோமன் ரெய்ன்ஸும் மோதிய கடைசி ஆட்டத்தில் எதற்கும் தகுதி நீக்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் புகலாம், எதனாலும் அடிக்கலாம். ஜான் சீனா வந்தார், தி ராக் வந்தார், விளக்கணைந்து எரிந்தபோது அண்டர்டேக்கரும் வந்தார். பிலடெல்பியா மைதானம் அதிர்ந்தது உண்மை. ஆனால் அது பழைய முகங்களைக் கண்ட ஆரவாரம். ரெஃப்ரி திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஒன்றுதான் என்றான பிறகு, "பின்னாடி பாருய்யா" என்று யாரிடம் கத்துவது? கோடி ஜெயித்தது சரி. குரேரோவாக இருந்தால் இதே முடிவுக்கு ஒரு நாற்காலியும் அரை நொடியும் போதும்.